ஹார்வி குஷிங்

ஹார்வி வில்லியம்ஸ் குஷிங் (ஏப்ரல் 8, 1869 – அக்டோபர் 7, 1939) அமெரிக்காவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். நரம்பு அறுவை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். மூளை பாதிக்கப்பட்டோருக்கு இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ திடீரெனத் தோன்றும் புண், இவர் பெயரால் குஷிங் புண் எனப்படுகிறது.

வாழ்க்கை

ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், மருத்துவர் குடும்பமொன்றில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1891இல் பட்டம் பெற்று, 1895இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் கல்வியை முடித்தார். மாணவராக இருந்தபோது இவர் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் மயக்கத்திலேயே இறந்தார். இதனால் பெரிதும் வருந்திய குஷிங், உடன் பயின்ற எர்னஸ்ட் காட்மனுடன் சேர்ந்து, மயக்கத்தில் உள்ளவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் தொடர்ந்து பதியும் அட்டவணையை உருவாக்கினார்.

பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெடிடம் பயிற்சி பெற்றார். 1901இல் இத்தாலியின் பாவியா நகரில் கண்ட இரத்த அழுத்தமானியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். 1913 முதல் 1932 வரை பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். குருதிக் குழாய்களை மூடும் வெள்ளிக் கவ்விகளையும் (1911), மின்சாரக் கத்தியையும் (1926) மூளை அறுவையில் பயன்படுத்தினார். இவற்றால் குருதி இழப்பு குறைந்தது. பிழைத்தவர்களின் தொகையும் உயர்ந்தது.

குஷிங் புண்

மூளைக்கட்டி அறுவைக்குப் பின் சிலர் மூளைக் கோளாற்றால் அன்றி, இரைப்பை அல்லது முன்சிறுகுடல் துளைபட்டு இறந்ததை குஷிங் கவனித்தார். மூளைக்கும் இப்புண்களுக்கும் உள்ள தொடர்பை 1932இல் வெளியிட்டார். மண்டையோட்டினுள் அழுத்தம் உயரும்போது வேகஸ் நரம்பு மிகையாகத் தூண்டப்பட்டு, இரைப்பை அமிலம் அளவுக்கு மீறிச் சுரப்பதே இதற்குக் காரணம் என விளக்கப்படுகிறது. கடும் தீக்காயத்தால் உண்டாகும் இத்தகைய புண்ணை தாமஸ் கர்லிங் 1842இலேயே விவரித்திருந்தார்.

இத்தகைய புண்களில் குருதிப்பெருக்கை நிறுத்த அறுவை செய்தாலும் பலர் பிழைப்பதில்லை. புண்ணைவிட, அதற்குக் காரணமான மூல நோயே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அதிர்ச்சி நிலை, பரவிய தொற்று, சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றின் செயலிழப்பு, முதுமை, மீண்டும் ஏற்படும் குருதிப்பெருக்கு ஆகியன பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கின்றன. இரைப்பையின் சிறு பகுதியை மட்டும் நீக்கினால் குருதி மீண்டும் கசியலாம். முழுவதையும் நீக்குவது நலிந்த உடலுக்குப் பெருஞ்சுமையாகும். ஆகவே, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகளால் புண் தோன்றாமல் தடுப்பதே இன்று முதன்மை பெறுகிறது. அறுவை அரிதாகவே தேவைப்படுகிறது.

இறுதிக்காலம்

வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியமைக்காக குஷிங் 1926இல் புலிட்சர் பரிசு பெற்றார். 1939இல் நியூ ஹேவன் நகரில் மாரடைப்பால் காலமானார். பிணக்கூறாய்வில் அவரது மூளையிலும் சிறு நீர்க்கட்டி ஒன்று இருந்தது தெரியவந்தது.