காடு காத்த ஜான் மியூர்

காட்டைக் கண்டு அஞ்சினோர் பலர். காட்டை வெட்டிப் பொருள் ஈட்டினோர் அவரினும் பலர். காட்டினுள் நடந்து அதனை அறிந்து, அறிந்தமையால் அதனைக் காக்க முற்பட்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் ஜான் மியூர் ஆவார். மலைச்சாரலும் ஓடையும் புல்வெளியும் ஒருவர் இருவர்க்கு உரிய உடைமை அல்ல, மக்கள் அனைவர்க்கும் உரிய செல்வம் என்னும் உண்மையை அமெரிக்க நாட்டார் உணருமாறு செய்த பெருமக்களுள் அவர் தலையாயவர்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் டன்பார் என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1838 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் மியூர் பிறந்தார். அவருடைய பெற்றோர்க்கு மக்கள் எண்மர்; அவருள் மியூர் மூன்றாமவர். தந்தையார் டேனியல் சமயப் பற்று மிக்கவர், கண்டிப்பும் மிக்கவர். விவிலிய நூலின் பெரும்பகுதியை மகன் மனப்பாடம் செய்யுமாறு பணித்தார். பாடத்தில் தவறு நேர்ந்தால் அடியும் தவறாது கிடைத்தது.

1849 இல் அக்குடும்பம் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் காடு திருத்தி உழவு செய்யத் தொடங்கிற்று. அப்பொழுது மியூருக்கு வயது பதினொன்று. கதிரவன் எழுமுன் தொடங்கும் உழைப்பு இருட்டிய பின்னரே முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து, கிணறு அகழும் கடும்பணியும் அவர்மேல் வீழ்ந்தது. உளியும் சுத்தியலும் கொண்டு மணற்பாறையைப் பல திங்கள் குடைந்தார். ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் ஒருநாள் நச்சுக்காற்று அவரை மயக்கியது. மேலே தூக்கப்பெற்று அரிதின் உயிர் பிழைத்த அவர், மீண்டும் இறங்கி 90 அடியில் நீர் கண்டார்.

பகலில் ஓய்வின்மையால் நள்ளிரவுக்குப் பின் எழுந்து நூல் கற்றார். மரத்தாலேயே கடிகாரங்கள் செய்தார். குறித்த நேரத்தில் கட்டிலைச் சாய்த்து, உறங்குபவரை எழுப்பும் பொறி ஒன்றும் அமைத்தார். இப்பொறிகள் 1860 இல் மாடிசன் நகரப் பொருட்காட்சியில் பலரையும் வியப்பில் ஆழ்த்தின. அடுத்த ஆண்டு அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு உடன் பயின்ற ஒருவர் மரநிழலில் நின்று ஒரு பூவின் உறுப்புகளை விளக்கிக் காட்டினார். அன்று முதல் செடிகொடிகளின்மீது மியூர் கொண்ட காதல் இறுதிவரை குறைந்திலது. 1863 இல் பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

கண்ணிழப்பும் நடைப்பயணமும்

பின்னர் இண்டியானாபொலிஸ் நகரில் வண்டி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மியூர் பணியாற்றினார். 1867 மார்ச்சுத் திங்களில் கைதவறிய அரம் ஒன்று அவருடைய வலக்கண்ணில் பாய்ந்தது. சிறிது நேரத்தில் இடக்கண்ணும் ஒளி மங்கியது. சில வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டதும், பொறிகளோடு வாழ்நாளைக் கழிப்பதில்லை, இயற்கையையே கண்ணாரக் காண்பது என்று உறுதி பூண்டார்.

அவ்வாண்டு செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்திலிருந்து புறப்பட்டு, மெக்சிகோ வளைகுடாவின் கரை வரை ஏறத்தாழ 1,000 மைல் நடந்தார். வழிச்செலவின் முடிவில் கடும் காய்ச்சல் அவரை வருத்தியது. எனினும் ஊக்கம் தளராது, 1868 இல் கடல்வழியே கலிபோர்னியாவை அடைந்து, சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள யோசமிட்டிப் பள்ளத்தாக்கிற்கு நடந்தே சென்றார்.

புல்வெளியில் பெற்ற பாடம்

1869 ஆம் ஆண்டுக் கோடையில் மியூர் ஆட்டுமந்தை ஒன்றுடன் மலைமேல் ஏறினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் டுவாலமி ஆற்றின் மேற்புறத்துப் புல்வெளிகளை நோக்கி ஓட்டப்பட்டன. அவை சென்ற வழியெல்லாம் பூவும் புல்லும் இளஞ்செடியும் அழிந்தன. மலைப்புல்வெளி கண்ணுக்கு இனிய காட்சி மட்டும் அன்று. உருகும் பனிநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடைகட்குச் சிறிது சிறிதாக வழங்கும் நீர்க்களஞ்சியம் அது. புல் அழியின் மண் அரிக்கும். மண் அரிப்பின் ஓடை கலங்கும். இதனைக் கண்டு மியூர் நெஞ்சம் நொந்தார். ஆடு மேய்க்கச் சென்றவர் அப்புல்வெளிக்குக் காவலராக மாறியது இவ்வாறே.

அதன்பின் அவர் பள்ளத்தாக்கில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்து வாழ்ந்தார். தாம் கட்டிய சிறு குடிலினுள் ஓடைநீர் ஒரு மூலை வழியாகச் சலசலத்து ஓடுமாறு வாய்க்கால் அமைத்திருந்தார். ஓய்வு நாட்களில் ரொட்டியும் தேயிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு மலைமுகடுகளில் அலைந்தார். அப்பள்ளத்தாக்கு நிலம் திடீரென அமிழ்ந்ததால் உண்டாயிற்று என்று புகழ்பெற்ற நிலநூல் அறிஞர் கூறிவந்தனர். பனியாறுகள் பாறையைத் தேய்த்துச் செதுக்கின என்று மியூர் கூறினார். ஆட்டிடையனின் கூற்று என அது எள்ளப்பட்டது. ஆனால் 1871 இல் அம்மலைகளில் உயிருள்ள பனியாறு ஒன்றை அவர் கண்டறிந்தார். அவர்தம் கருத்தின் பெரும்பகுதி உண்மையெனப் பிற்கால ஆய்வும் காட்டிற்று.

காட்டின் காவலர்

1880 இல் மியூர் லூயிசா என்னும் நங்கையை மணந்து, பழத்தோட்டம் பேணி, இரு பெண்மக்களுடன் இல்லறம் நடத்தினார். 1889 இல் பத்திரிகை ஆசிரியர் ராபர்ட் ஜான்சனை டுவாலமிப் புல்வெளிக்கு அழைத்துச் சென்று, ஆடுகளால் நேர்ந்த அழிவைக் காட்டினார். அடுத்த ஆண்டு மியூர் எழுதிய கட்டுரைகள் மக்கள் உள்ளத்தைத் தொட்டன. 1890 அக்டோபர் 1 ஆம் நாள் யோசமிட்டி தேசியப் பூங்கா சட்டத்தால் அமைந்தது. 1892 இல் சியரா சங்கம் தோன்றியது. இறுதிவரை மியூரே அதன் தலைவர். மக்கள் காட்டுக்குள் நடந்து பார்த்தால்தான் அதன்மேல் அன்பு கொள்வர், அன்பு கொண்டால்தான் காப்பர் என்பது அவர்தம் துணிபு. ஆதலின் 1901 முதல் அச்சங்கம் ஆண்டுதோறும் மக்களைத் திரட்டி மலைப்பயணம் அழைத்துச் சென்றது.

1903 இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மியூருடன் காட்டில் மூன்று இரவு தங்கினார். ஓர் இரவில் பனி பெய்தது. தலைவர் அதனையும் மகிழ்ந்து ஏற்றார். அதுகாறும் மாநில அரசின் பொறுப்பில் இருந்த யோசமிட்டிப் பள்ளத்தாக்கு 1906 இல் தேசியப் பூங்காவுடன் இணைந்தது.

மியூரின் பார்வைக்கும் ஓர் எல்லை இருந்தது. அப்பள்ளத்தாக்கில் வழிவழியாக வாழ்ந்த பழங்குடி மக்கள் 1851 இல் படையினரால் துரத்தப்பட்டனர். அவர்கள் காலமறிந்து இட்ட சிறு தீயே மரங்கள் புல்வெளியில் மண்டாமல் காத்துவந்தது. மனிதர் கைபடாத காடு என மியூர் போற்றியது, உண்மையில் அம்மக்களும் பேணிய நிலமே. இதனை அவர் முழுதும் உணர்ந்தார் அல்லர்.

இழந்த பள்ளத்தாக்கு

யோசமிட்டிக்கு இணையான எழில் வாய்ந்தது ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கு. அதனூடே டுவாலமி ஆறு ஓடியது. அதன் இருமருங்கும் புல்வெளி பரந்து கிடந்தது. 1906 இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிவுற்ற சான் பிரான்சிஸ்கோ நகரம், தனக்கு நீர் வேண்டி அங்கே அணை கட்ட முற்பட்டது. நகர மக்களின் நீர்வேட்கை பொய்யன்று. பாறையைக் குடைந்து நீர் கண்ட மியூர் அதனை அறியாதவரும் அல்லர். எனினும் நீரை வேறிடத்திலிருந்தும் கொணரலாம், அழிந்த பள்ளத்தாக்கை எங்கிருந்தும் கொணர இயலாது என்று அவர் வாதிட்டார். முதுமையிலும் சலியாது எழுதினார். ஆயினும் 1913 டிசம்பரில் அணைக்கு இசைவளிக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன் கையொப்பமிட்டார். ஓராண்டு கழித்து, 1914 டிசம்பர் 24 ஆம் நாள் மியூர் நுரையீரல் அழற்சியால் உயிர் நீத்தார். 1923 இல் அணை முடிவுற்றது. புல்வெளி நீருள் மறைந்தது.

மியூர் வழி

தோல்வியும் வீண்போகவில்லை. அவ்விழப்பால் விழிப்புற்ற மக்களின் முயற்சியும் துணைநிற்க, 1916 இல் தேசியப் பூங்காப் பணித்துறை நிறுவப்பட்டது. மியூரின் நினைவாக மலைவழி ஒன்று அமைக்கும் பணி 1915 இல் தொடங்கி, அவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 1938 இல் நிறைவெய்தியது. யோசமிட்டியில் தொடங்கி விட்னி சிகரம் வரை 211 மைல் செல்லும் அவ்வழி, தேசியப் பூங்காக்களையும் அரசுப் பொதுக்காடுகளையும் ஊடுருவி, டுவாலமிப் புல்வெளியைக் கடந்து, ஓடைகளின் கரையிலும் கணவாய்களின் மீதும் ஏறி இறங்குகின்றது. அதில் நடப்போர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். புல்வெளி மிதிபட்டு அழியாதிருக்க நடப்போர் தொகைக்கும் வரம்பு உண்டு.

மியூருக்குச் சிலை வைத்தவர் உளர்; பெயர் சூட்டியவர் உளர். அவற்றினும் சிறந்த நினைவுச்சின்னம் இக்காட்டுவழியே. பொதுச்செல்வத்தை நுகர்தல் யாவர்க்கும் உரிமை. அதனைக் குறையாது பின்வருவோர்க்கு விட்டுச் செல்லுதல் யாவர்க்கும் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நெறியே மியூர் நடந்த நெறி. அந்நெறியில் நடப்போர் உள்ளவரை ஓடைகள் தெளிந்து ஓடும். புல்வெளிகள் பூத்து நிற்கும்.