சாண்ட்விச் பிரபு சூதாடியா?

குட்டீஸ்... இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் வைத்து, அம்மா தரும் சாண்ட்விச் உங்களுக்குப் பிடிக்கும்தானே! அந்தப் பலகாரத்தின் பெயருக்குக் காரணமானவர், இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் மாண்டேகு.

அவரைப் பற்றி உலகம் முழுக்க ஒரு கதை சொல்வர். அவர் பெரிய சூதாடியாம். சீட்டாடும் மேஜையை விட்டு எழுந்து சாப்பிடக்கூட மனம் வராதாம். அதனால், ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துக் கொண்டு வரச் சொல்லி, ஆடிக் கொண்டே சாப்பிட்டாராம்!

இது உண்மைதானா? அவரது வாழ்க்கையைப் பார்ப்போம்.

மாண்டேகு, 1718ம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பத்து வயதில் தாத்தாவும் இறந்தார். தாத்தாவின் பட்டம் பேரனுக்கு வந்தது. அவர், நான்காவது சாண்ட்விச் பிரபு ஆனார். சாண்ட்விச் என்பது, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள பழைய துறைமுக நகரம்.

ஈட்டன் பள்ளியிலும், கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1738ல் கப்பலேறி கிரீஸ், துருக்கி, எகிப்து என்று சுற்றினார். ஏதென்ஸ் நகரிலிருந்து, பழங்கால எழுத்துகள் பொறித்த பளிங்குக் கல்லைக் கொண்டு வந்தார். அதை, தான் படித்த டிரினிட்டி கல்லூரிக்கே கொடுத்து விட்டார்.

கடற்படைக்குத் தலைமை வகிக்கும் அமைச்சர் பதவி, 1748ல் அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 29 தான்! கப்பல் கட்டும் தளங்களுக்கு நேரில் சென்று, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று சோதித்தார். மொத்தம் மூன்று முறை அந்தப் பதவியை வகித்தார். கடைசி முறை, 1771 முதல் 1782 வரை.

கடலோடி கேப்டன் குக்கின் பயணங்களுக்கு அவர் பெரிதும் உதவினார். அந்த நன்றியில், தான் கண்ட ஹவாய்த் தீவுகளுக்கு, சாண்ட்விச் தீவுகள் என்று 1778ல் பெயர் வைத்தார் குக். அந்தப் பெயர் பிறகு மாறி விட்டது. ஆனால், அட்லாண்டிக் கடலின் தென்கோடியில், தெற்கு சாண்ட்விச் தீவுகள் இன்றும் உள்ளன.

சரி, சூதாட்டக் கதை எங்கிருந்து வந்தது?

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த க்ரோஸ்லி என்பவர், 1765ல் லண்டனுக்கு வந்தார். 1770ல் தன் பயண நூலை வெளியிட்டார். ஓர் அமைச்சர், 24 மணி நேரம் சூதாடியபடி இப்படிச் சாப்பிட்டார் என்றும், அவர் பெயரே அந்த உணவுக்கு வந்தது என்றும் அதில் எழுதினார். அதை நேரில் பார்த்ததாக அவர் சொல்லவில்லை. ஊரில் பேசிக் கொண்டதை எழுதியிருக்கலாம்.

அவர் வருவதற்கு முன்பே அந்தச் சொல் இருந்தது. வரலாற்று ஆசிரியர் எட்வர்டு கிப்பன், 1762 நவம்பரில் எழுதிய நாட்குறிப்பில், லண்டன் கிளப் ஒன்றில் பிரமுகர்கள் சாண்ட்விச் சாப்பிட்டதைக் குறித்திருக்கிறார். அதில் சூதாட்டக் கதை இல்லை.

பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை 1993ல் எழுதிய ரோட்ஜர், அவர் பெரும் சூதாடி என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்கிறார். ஓயாத அலுவல் இருந்ததால், வேலை செய்யும் மேஜையில் அமர்ந்தபடியே சாப்பிட்டிருக்கலாம் என்பது அவரது கருத்து. இதுவும் ஊகம்தான். ஆனால், பிரபுவின் வாழ்க்கையோடு பொருந்துகிறது.

அமெரிக்க சுதந்திரப் போரில் பிரிட்டன் தோற்றதும், பழியில் பெரும்பங்கு அவர் தலையில் விழுந்தது. 1782ல் பதவி போனது. 1792ல் காலமானார். கடற்படைக்காக உழைத்த ஆண்டுகளை உலகம் மறந்து விட்டது; சீட்டாட்டக் கதையை மட்டும் பிடித்துக் கொண்டது.

ரொட்டியோடு இறைச்சியைச் சேர்த்துச் சாப்பிடும் வழக்கமும் அவருக்கு முன்பே உண்டு. அவர் கொடுத்தது பெயரை மட்டுமே.

ஆகவே குட்டீஸ், ஒரு சொல் பிறந்த கதையைக் கேட்டால், அதை முதலில் எழுதியது யார், எப்போது எழுதினார், நேரில் பார்த்தாரா என்று கேளுங்கள். கதை சுவையாக இருக்கலாம். அதற்காக, ஒரு மனிதரின் நல்ல பெயரை விலையாகக் கொடுத்து விடக்கூடாது, இல்லையா?