லெயோன் வால்ரா

பொருளியல் கற்கப் புகுந்து, கணிதத்தைக் கண்டதும் மலைக்கும் மாணவர் நம்மிடையே பலர். அவர்கள் வால்ராவின் வரலாற்றை அறிதல் நன்று.

பிரான்சு தேசத்தில் எவ்ரூ என்னும் ஊரில் 1834ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். பாரிசின் புகழ்பெற்ற பொலித்தெக்னிக் கல்லூரியிற் சேர இருமுறை பரீட்சைக்குத் தோற்றினார். கணிதம் போதாமையால் இருமுறையும் தவறினார். சுரங்கக் கல்லூரியிலும் மனம் பற்றவில்லை. நாவல் எழுதிப் பார்த்தார். 1858இல் தந்தையார் வேண்டியதற்கிணங்கிப் பொருளியலை மேற்கொண்டார். புகையிரதக் கம்பனி, கூட்டுறவு வங்கி எனப் பல இடங்களில் உழைத்தபின், 1870இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிற் பேராசிரியரானார்.

ஒருவன் ஒரு பொருளை என்ன விலைக்கு எவ்வளவு வாங்குவான் என்பது, அதனால் அவன் அடையும் பயனிலிருந்து பிறக்க வேண்டுமென வால்ரா கருதினார். அதைக் கணித முறையில் நிறுவ அவரால் இயலவில்லை. 1872இல், அங்கே இயந்திரவியல் கற்பித்த பிக்கார் என்பவரிடம் கேட்டார். பிக்கார் நுண்கணிதத்தால் வழிகாட்டினார்: ரொட்டிக்கும் துணிக்கும் செலவிடும் கடைசிப் பிராங்குகள் சமபயன் தரும்போதே மொத்தப் பயன் உச்சமடையும். இன்று முதலாண்டு மாணவனும் செய்யும் கணக்குத்தான். ஆயினும், பேராசிரியராயிருந்தவர் பிறதுறையாரிடம் மாணவனாய் நின்றதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1874இலும் 1877இலும் வெளிவந்த தமது பெருநூலில், சந்தைகள் யாவற்றையும் ஒருங்கே சமன்பாடுகளாக அமைத்தார். சமன்பாடுகளும் தெரியாக் கணியங்களும் எண்ணிக்கையில் ஒத்திருப்பதே போதுமென எண்ணியது அவரது குறை. 1910இல் அவர் காலமானார். அச்சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டென்பதைச் சில நிபந்தனைகளின் கீழ் ஆரோவும் தெப்ரூவும் 1954இல் நிறுவினர்.