சபையும் சந்நிதியும் போற்றிய சேர் பொன்னம்பலம் இராமநாதன்

ஈழநாட்டில் சைவம் தழைக்க உழைத்த சான்றோருள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் தலைசிறந்தவர். 1851ஆம் ஆண்டு கொழும்பில் பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். தந்தையார் கொச்சிக்கடையில் சிவாலயம் அமைத்த பக்தர். தாய்வழிப் பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார், இலங்கைச் சட்டநிரூபண சபையின் முதல் தமிழ் உறுப்பினர். ஆகவே சந்நிதித் தொண்டும் சபைத் தொண்டும் அவருக்குக் குலதனமாகவே வாய்த்தன.

1833இல் ஆங்கில அரசு அமைத்த அச்சபையில் உத்தியோகஸ்தர் ஒன்பதின்மர், ஏனையோர் அறுவர். அவ்வறுவருள் ஐரோப்பியர் மூவர் போக, சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வோர் இடமே உண்டு. அவர்களையும் தேசாதிபதியே நியமித்தார். நியாயத்தை எடுத்துரைக்கலாம், வாக்கெடுப்பில் வெல்லுதல் அரிது. அத்தகைய சபையில் 1879இல், தமது இருபத்தெட்டாம் வயதில், தமிழர் பிரதிநிதியாய் அமர்ந்தார் இராமநாதன். சைவராயினும், புத்த பெருமானுக்குரிய வெசாக் திருநாள் 1885இல் அரசு விடுமுறையாவதற்குத் துணைநின்றார்.

பின்னர் சொலிஸிற்றர் ஜெனரல் பதவி வகித்து 1906இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டிலேயே தந்தையாரின் ஆலயத்தைக் கருங்கல்லால் புதுப்பிக்கும் திருப்பணியைத் தொடங்கினார். தென்னாட்டுச் சிற்பிகள் உழைக்க, 1912இல் ஸ்ரீ பொன்னம்பலவாணேசர் ஆலயம் நிறைவெய்தியது. அதற்குச் சற்று முன்னர், 1911இல், படித்த இலங்கையருக்கென வகுக்கப்பட்ட ஒரே தொகுதிக்கு நடந்த முதல் தேர்தலில் அவர் வென்றார். சிங்கள வாக்காளர் பலரும் தமிழராகிய அவரைத் தெரிந்தெடுத்தனர்.

அந்நம்பிக்கைக்கு 1915இல் சோதனை நேர்ந்தது. சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டு, முஸ்லிம் மக்கள் பெருஞ்சேதம் அடைந்தனர். அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். இராமநாதன் சபையில் எழுந்து அதிகாரிகளின் கொடுமைகளை அஞ்சாது வெளிப்படுத்தினார். உலகப்போரின் அபாயத்தையும் பொருட்படுத்தாது கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். திரும்பி வந்தபோது அவரது வண்டியைச் சிங்களப் பெருமக்களே தோள்கொடுத்து இழுத்துச் சென்றனர். தம் துயரை அவர் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடையே நிலவியதும் உண்மையே.

கல்விக்கு அவர் வாரி வழங்கினார். 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியையும் யாழ்ப்பாணத்தில் நிறுவினார்.

முதுமையில் மற்றொரு பெரும் வாதம் எழுந்தது. டொனமூர் ஆணைக்குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிச் சர்வஜன வாக்குரிமையை வழங்கப் பரிந்துரைத்தது. எண்ணிக்கையிற் சிறிய இனத்தவர் குரலிழப்பர் என்று அவர் அஞ்சினார். கல்லாத பாமரருக்கு வாக்களிப்பதையும் ஏற்கவில்லை. பின்னையதில் காலம் அவர் வழி செல்லவில்லை. முன்னைய அச்சமோ வீணென்று தள்ளத்தக்கதாய் இருக்கவில்லை. 1929இல் 19க்கு 17 என்னும் வாக்குகளால் அத்திட்டம் சபையில் நிறைவேறியது. எண்பதை எட்டும் வயதிலும் 1930இல் இலண்டன் சென்று வாதாடித் திரும்பிய அவர், அவ்வாண்டு நவம்பரில் இறைவன் திருவடி சேர்ந்தார். அடுத்த ஆண்டு மக்கள் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது.

அவர் அமர்ந்த சபை மறைந்தது. அவர் எழுப்பிய கற்றளி நிலைத்து நிற்கிறது. வெற்றி தோல்வி கருதாது பிறர்க்காகப் பேசுவதும் இறைபணியே என்பதை உணர்த்தும் அவர் வாழ்வு, திருப்பணிச் செல்வர்கட்கெல்லாம் நல்வழி காட்டுவதாகுக.