இலட்சுமிநரசு செட்டியார்

சேர்வராயன் மலையைச் சூழ்ந்து கிடக்கும் சேலம் சீமை 1792ஆம் ஆண்டில் கும்பினியார் வசமாயிற்று. அங்கே ரீட் என்னும் அதிகாரியும், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, குடியானவரிடம் அரசாங்கமே நேரில் தீர்வை வாங்கும் இரயத்துவாரி முறைக்கு வித்திட்டனர். பின்னர் அம்முறை சென்னை இராசதானியின் பெரும்பகுதியிலும் பரவிற்று. இடையில் வேறொருவர் இல்லாமையால் குடிகள் சுகப்படுவர் என்று பலர் நம்பினர். ஆனால், தீர்வையோ மிகுதி, மழையோ நிச்சயமற்றது. மேலும், 1816ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒரு சட்டத்தால், தீர்வை வசூலிக்கும் அதிகாரிகளிடமே காவல் அதிகாரமும் சேர்ந்தது. வரி கேட்பவனிடமே தண்டிக்கும் கோலும் இருந்தால் குடியானவன் யாரிடம் சென்று முறையிடுவான்?

தீர்வை செலுத்த இயலாதவரின் விரல்களைக் கிட்டி என்னும் மரக் கருவிக்குள் வைத்து நெருக்கினர். கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்தினர். இதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். இவற்றைச் செய்தவர் பெரும்பாலும் நம் நாட்டுச் சிற்றதிகாரிகளே என்பதையும் மறைத்தல் ஆகாது. இக்கொடுமையைக் கடல் கடந்த பாராளுமன்றத்திற்கு எட்டச் செய்தவர் உழவர் அல்லர். சென்னைப் பட்டணத்து வணிகர் ஒருவர்.

காசுலு இலட்சுமிநரசு செட்டியார் 1806ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். தந்தையார் சித்துலு செட்டியார் அவுரி வாணிகம் செய்தவர். மகனும் அத்தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். அம்மட்டில் நின்றிருந்தால் அவரைப் பட்டணத்துச் செல்வருள் ஒருவர் என்று மட்டுமே சொல்லியிருப்பர்.

1844ஆம் ஆண்டில் அவர் தம் பொருளைக் கொண்டு பிறைமதி என்று பொருள்படும் கிரசெண்ட் என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயரை அதற்கு ஆசிரியராக அமர்த்தினார். ஆள்வோரின் காதில் விழவேண்டுமாயின் அவர்தம் மொழியிலேயே பேசவேண்டும் என்பதை வணிகராகிய அவர் நன்கு அறிந்திருந்தார். அரசாங்கத்திற்கு அப்பத்திரிகை உவப்பாக இல்லை. 1846ஆம் ஆண்டில், கல்வியிலும் சமயத்திலும் அரசாங்கம் கொண்ட போக்கைக் கண்டித்துச் சென்னை மக்கள் கூடிய கூட்டத்திற்கும் அவரே தலைமை தாங்கினார்.

1852ஆம் ஆண்டில் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவினார். கும்பினியாரின் ஆட்சியுரிமையை மீண்டும் வழங்குவது பற்றிப் பாராளுமன்றம் ஆராயவிருந்த காலம் அது. சங்கத்தார் வரிச்சுமையையும் வசூல் கொடுமையையும் விவரித்து இலண்டனுக்கு விண்ணப்பம் அனுப்பினர். ஆயினும், ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருப்போர் காகிதத்தை மட்டும் கண்டு நம்புவரோ? டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் 1853ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தபோது செட்டியார் அவரை வெளி மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார். குடிகள் தம் துன்பத்தைத் தம் வாயாலேயே சொல்லக் கேட்டார் சீமோர். சரக்கைக் கண்ணால் கண்டபின் விலை பேசுவதன்றோ வணிகர் வழக்கம்! செட்டியார் செய்ததும் அதுவே.

1854ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் இதுபற்றி விவாதம் எழுந்தது. அவ்வாண்டிலேயே சென்னையில் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மூவர் கொண்ட அக்குழுவிடம் முறையீடுகள் வந்து குவிந்தன. குடிகள் பலர் வெகு தொலைவிலிருந்து சென்னைக்கு வந்து நேரிலும் சொன்னார்கள். தீர்வைக்காகச் சித்திரவதை செய்யப்படுவது உண்மையே என்று குழுவினர் 1855ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தனர். நான்கு ஆண்டுகள் சென்றபின், 1859ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தால் போலீசு தனி இலாகா ஆயிற்று. தாசில்தாரின் கையிலிருந்து காவல் அதிகாரம் நீங்கிற்று. வரிச்சுமை மட்டும் அத்துணை எளிதில் குறையவில்லை.

எவருடைய ஆட்சியைக் குறை கூறினாரோ அவர்களே பின்னர் அவருக்குச் சி.எஸ்.ஐ. என்னும் பட்டத்தை அளித்தனர். 1863ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையின் உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார். ஆனால், அதற்குள் அவருடைய செல்வம் கரைந்து கொண்டிருந்தது. பத்திரிகைக்கும் சங்கத்திற்கும் வாரி வழங்கியது ஒருபுறம். வாணிகத்தில் நேர்ந்த இழப்பு மற்றொருபுறம். வாணிகம் நொடித்த பின்னும் அவர் பொதுப்பணியைக் கைவிடவில்லை. 1868ஆம் ஆண்டில், ஒருகாலத்தில் கப்பல் கப்பலாக அவுரி ஏற்றுமதியான அதே பட்டணத்தில், வறியவராக அவர் உயிர் நீத்தார்.