பியர் வெர்னியர்

இன்றைய பிரான்சின் கிழக்குப் பகுதியிலுள்ள ஓர்னான் என்னும் சிற்றூரில் 1580ஆம் ஆண்டு பியர் வெர்னியர் பிறந்தார். வழக்கறிஞரான தந்தையே அவருக்கு அறிவியல் பயிற்றுவித்தார். படைப் பொறியாளராகவும் நில அளவையாளராகவும் பணியாற்றிய வெர்னியர், கோணங்களை நுட்பமாக அளப்பதில் ஓர் இடர்ப்பாட்டைக் கண்டார். நுண்மை வேண்டிக் கருவியில் கோடுகளை நெருக்கிப் பொறித்தால், அவற்றைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. போர்த்துகீசிய அறிஞர் பெத்ரோ நூனெசு இதற்குப் பல வட்டவில்களை வரையும் வழியை முன்னரே கூறியிருந்தார். ஆயினும் அவற்றைப் பிழையின்றிப் பொறிப்பது அரிதாக இருந்தது.

வெர்னியர் கோடுகளை நெருக்கவில்லை. நகரும் துணை அளவுகோல் ஒன்றைச் சேர்த்தார். முதன்மை அளவுகோலின் 31 அரைப்பாகைகளுக்குச் சமமான அதன் நீளத்தை 30 சமபாகங்களாகப் பகுத்தார். இருவகைப் பிரிவுகளுக்கும் உள்ள வேறுபாடு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காக அமைந்தது. இரு கோல்களின் கோடுகள் பொருந்தும் இடமே அந்நுண்ணளவைக் காட்டிற்று.

இம்முறையை விளக்கும் நூலை 1631இல் பிரசெல்சு நகரில் வெளியிட்ட அவர், பத்தாண்டு நிறைவதற்குள் பிறந்த ஊரிலேயே மறைந்தார். அவரது கருவி பல நாடுகளில் நூனெசின் பெயராலேயே வழங்கிற்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லாலாந்து அதற்கு வெர்னியரின் பெயரே உரியதென வலியுறுத்தினார். இன்று பள்ளி ஆய்வகத்தில் சிறு கோளத்தின் விட்டத்தை 0.1 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர் அளவியில் அப்பெயர் நிலைத்துள்ளது.