ஷார்ட் ஸ்திரீட் கடைவீடு

சோஃபியா பிளாக்மோர் 1857ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பிறந்தார். சீனாவுக்குச் சென்று கிறிஸ்துவ சமயப் பணியாற்ற வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆனால், 1887ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் சிங்கப்பூருக்கு வந்தார்.

இறைவன் தம்மிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதைக் கிறிஸ்துவர்கள் இறைவேண்டல், வேதாகமம், சபைப் பெரியோரின் அறிவுரை ஆகியவற்றின்வழி அறிய முயல்வர். அண்டை அயலாரின் தேவையையும் ஒரு வழிகாட்டியாகக் கொள்வர். பிளாக்மோர் இங்குக் கண்ட தேவை பெண்கல்வி. தமிழ் வணிகர்கள் சிலர் தங்கள் மகள்கள் படிக்க வேண்டும் என விரும்பினர். அவர்களின் உதவியால் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீடு கிடைத்தது. பிளாக்மோர் தயங்கவில்லை. ஆகஸ்ட் மாதமே 9 தமிழ்ச் சிறுமிகளுடன் பள்ளி தொடங்கியது. அக்காலத்தில் அது சிறிய எண்ணிக்கை அன்று! அதுவே இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி.

சீனக் குடும்பங்களிடம் இது எளிதாக நடக்கவில்லை. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பெற்றோர் பலர் கதவடைத்தனர். பிளாக்மோர் மலாய்மொழியைக் கற்று, வீடு வீடாக ஏறி இறங்கினார். 1888ஆம் ஆண்டு நோன்யா பெண்மணி ஒருவர் தம் வீட்டிலேயே வகுப்பு நடத்த இடம் தந்தார். இன்றைய ஃபேர்ஃபீல்ட் மெதடிஸ்ட் பள்ளி அங்கேதான் தொடங்கியது.

ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு, 1928ஆம் ஆண்டு பிளாக்மோர் ஆஸ்திரேலியா திரும்பினார். 1945ஆம் ஆண்டு அங்கேயே காலமானார்.